பதில் போடாத தொரையும் என் ஐரோப்பியச் சட்டப் படிப்பும்

நான் வழக்கறிஞர் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். யட்டியாந்தோட்டையில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வருகிறார்கள். நான் படித்தது சர்வதேச, ஐரோப்பிய வணிகச் சட்டம். முதுகலை, தொலைக்கல்வி. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்திலும் எழுந்து நின்று பேச முடியாது. பக்கத்து வீட்டு வேலித் தகராறைக்கூடத் தீர்க்க முடியாது. இதைச் சொன்னதும் உறுதியைச் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள்: "அப்ப எதுக்கு மிஸ் படிச்சீங்க?"

போன வாரம் அதையே ஒரு பெண் வேறு மாதிரிக் கேட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள். ஐரோப்பாவில் புதுச் சட்டம் கொண்டுவருகிறார்கள். காட்டை அழித்துப் போட்ட ரப்பர் இல்லை என்பதை ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் வரைபடப் புள்ளி கொடுத்து நிரூபிக்க வேண்டுமாம். அவளுக்குத் தலை சுற்றுகிறது. "நீங்க செஞ்ச அந்தக் கோர்ஸ நானும் செய்யட்டுமா மிஸ்? பிரயோசனம் இருக்கா?" என்று போனில் கேட்டாள். இருக்கு என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று போனை வைத்தேன். இதுதான் அது. அழகாக எழுத எனக்கு வராது.

நான் பிறந்தது யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அண்ணன் செல்வராஜ் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டோரில் ரோலர் மெஷினுக்குப் போனார். ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் ஆலை. நான் உயர்தரம் வரை படித்தேன், டைப் அடிக்கப் பழகினேன், அதே தோட்டத்து ஆபீசில் சேர்ந்தேன். ஆபீசில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் நான். ஸ்டாப் குவாட்டர்ஸ் கொடுத்தார்கள். லயத்துக்கு மேலே, பங்களாவுக்குக் கீழே. அன்றிலிருந்து லயத்து ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பங்களாவில் இருந்தவர்கள் என்னிடம் பேச்சைத் தொடங்கவே இல்லை.

கொஞ்சக் காலத்தில் ஏற்றுமதிப் பத்திரங்கள் என் கைக்கு வந்தன. எங்கள் ஸ்டோரில் செய்தது சோல் கிரேப். பாலை உறைய வைத்து, ரோலரில் விட்டு மெல்லிய தகடாக்கி, மாடியில் காயப்போட்டு, பிறகு பெண்கள் தகடுக்கு மேல் தகடு வைத்து அழுத்திக் கனமான பாளமாக்குவார்கள். வெளிநாட்டுச் சப்பாத்துகளுக்கு அடியில் ஒட்டுகிற பாளம். அது கப்பல் ஏறுவதற்கு இன்வாய்ஸ், பொதிப் பட்டியல், உற்பத்தி நாட்டுச் சான்றிதழ், கப்பல் ரசீது எல்லாம் ஒன்றுக்கொன்று எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். வங்கி ரப்பரைப் பார்க்காது. தாளைத்தான் பார்க்கும். கம்பனிப் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தாள் திரும்பி வரும். அதனால் எனக்கு எதையும் இரண்டு முறை வாசிக்கிற பழக்கம் வந்தது. அப்படித்தான் ஒருநாள் விற்பனை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தை வாசித்தேன். எறும்பு மாதிரி எழுத்து. தகராறு வந்தால் வாங்குபவரின் நாட்டுச் சட்டம், வாங்குபவரின் ஊர் நீதிமன்றம் என்று இருந்தது. கொழும்புத் தலைமை ஆபீசில் கேட்டேன். அங்கிருந்தவர் சிரித்தார். "அது எப்பவும் உள்ளதுதானே. சைன் வாங்கி அனுப்புங்க" என்றார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் படித்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம், சட்டத்தில் முதல் பட்டம் இல்லாதவர்களையும் வேலை அனுபவத்தைப் பார்த்து எடுத்தது. முதலில் சான்றிதழ், அதைத் தாண்டினால் டிப்ளோமா, அதையும் தாண்டினால் முதுகலை. கட்டணம் எப்படிக் கட்டினேன் என்று எழுதமாட்டேன். அது என் சொந்த விஷயம்.

படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள், மழை, நான். குவாட்டர்சில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். தொட்டித் திண்டில் கம்ப்யூட்டரை வைத்து, மேலே குடையைக் கட்டி வாசித்தேன். பாடங்களைப் பற்றி மாணவர்கள் எழுதிப் பேசிக்கொள்ள இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. லாகோசிலும் லிஸ்பனிலும் இருந்தவர்கள் தங்கள் ஆபீசில் நடந்ததை எழுதுவார்கள். நானும் எழுதினேன். தேயிலை, ரப்பர், தோட்டம் என்று எழுதினால் யாரும் பதில் போடுவதில்லை. ஒருவர் மட்டும் ஒருமுறை, இடம் மிக அழகாக இருக்கும் போலிருக்கிறது என்று எழுதினார். அதற்குப் பிறகு நான் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். கேட்க அண்ணன் ஒருவர்தான் இருந்தார். சம்பள நாள் போய் அடுத்த ஞாயிறு லயத்துக்கு இறங்குவேன். ஐரோப்பாவில் இத்தனை நாடுகள் சேர்ந்து, ஆளும் சாமானும் எல்லையில் தடையில்லாமல் போகலாம் என்று சட்டம் செய்திருக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"நம்ம தாத்தா கித்துல்கலைக்கு போறதுக்கே தொரைகிட்ட துண்டுச் சீட்டு வாங்கிட்டுதான் போவாரு" என்றார் அண்ணன். "நீ அதப் படிச்சு யார எங்க அனுப்பப் போற? மொதல்ல என்னைய அவிசாவளைக்கு அனுப்பு, பாப்போம்."

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணன் அப்போதெல்லாம் நன்றாகப் பேசுவார்.

இனி தொரையைப் பற்றி, அதாவது தோட்டத்து மேலாளரைப் பற்றி. அவர் சிங்களவர். சின்னத்தொரையாக வந்து, பெரிய தொரையாகி, கடைசியில் தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் சேர்த்துப் பொறுப்பாக இருந்தவர். தமிழ் பேசுவார். லயத்து ஆட்களிடம் கற்ற தமிழ். கெட்ட மனிதர் இல்லை. எந்தத் தாளையும் நின்றுகொண்டுதான் வாசிப்பார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் தாளின் மேலேயே வைப்பார். சம்மதமானால் உடனே பேனாவை எடுப்பார். சம்மதமில்லை என்றால் "பலமு" என்பார். சிங்களத்தில் 'பார்ப்போம்'. அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பற்றிப் பேச்சே வராது. மேசையின் வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்குப் போகும். அங்கேயே கிடக்கும். இல்லை என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

இதை அவர் எங்கள் ஆட்களிடமிருந்துதான் பழகினார் என்று நினைக்கிறேன். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தொரை ஒரு வேலை சொல்வார். முடியாத வேலையாக இருக்கும், அல்லது அநியாயமாக இருக்கும். ஆட்கள் முடியாது என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் பெயர் கெட்டுப்போகும், வேலை போகும். அதனால் பேசாமல் நிற்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, நகராமல். என் அம்மா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்களிடம் இருந்த ஒரே மறுப்பு அதுதான். நல்ல தொரைக்கு அது விளங்கும். இவருக்கு விளங்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வேலையை மாற்றிச் சொல்லிவிட்டுப் போவார். முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே நடந்ததில், உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

நான் முதுகலையின் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது எங்கள் பெரிய கொள்வனவாளரின் ஆள் ஜெர்மனியிலிருந்து வந்தார். உயரமான, மரியாதையான மனிதர். ஸ்டோரைச் சுற்றிப் பார்த்துவிட்டு பங்களா வராந்தாவில் உட்கார்ந்தார். குறிப்பு எடுக்க நானும் உட்கார்ந்தேன். அவர் கேட்டது இது: ஸ்டோரின் சோல் கிரேப் முழுவதையும் ஐந்து வருடத்துக்கு அவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். ஆனால் எவ்வளவு வாங்குவது என்பதை அவர்கள் அந்தந்த நேரத்தில் தீர்மானிப்பார்கள். எழுதிக்கொண்டே கணக்குப் போட்டேன். அவர்கள் ஒரு வருடம் ஒன்றும் வாங்காவிட்டாலும் நாங்கள் வேறு யாருக்கும் விற்க முடியாது. ரோலர் நிற்கும். மாடி காலியாக இருக்கும். லயத்தில் பாதி வீடு அந்த ஸ்டோரை நம்பி இருந்தது.

தொரை ஒன்றும் சொல்லவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, டீ குடியுங்கள் என்றார். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார். எனக்கு இரண்டு பேர் முகமும் தெரிந்தது. ஒருவர் மறுத்துவிட்ட நிம்மதியில் இருந்தார். மற்றவர் முடித்துவிட்ட நிம்மதியில் இருந்தார்.

அந்த வாரமே ஈமெயில் வந்தது. வராந்தாவில் பேசி முடித்ததை இதன்மூலம் உறுதிசெய்கிறோம் என்று தொடங்கி, அந்த நிபந்தனைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. கையெழுத்துக் கேட்கவில்லை. பதில்கூடக் கேட்கவில்லை. அதை இரண்டு முறை வாசித்தேன். இப்படி ஒரு கடிதத்தைப் பற்றி நான் தொட்டித் திண்டில் உட்கார்ந்து படித்திருந்தேன். எங்கள் ஒப்பந்தத்துக்கு ஜெர்மன் சட்டம் என்று பின்பக்கத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தில், இரண்டு வியாபாரிகள் பேசியதை ஒருவர் இப்படி எழுதி அனுப்பினால், மற்றவர் தாமதமில்லாமல் மறுக்க வேண்டும். சும்மா இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். விதிவிலக்குகள் உண்டு. பேசியதற்குச் சம்பந்தமே இல்லாமல் எழுதியிருந்தால் செல்லாது. ஆனால் இது பேசியதுதானே. அவர் கேட்டார், தொரை மறுக்கவில்லை.

அச்செடுத்துக்கொண்டு தொரையிடம் போனேன். நின்றுகொண்டு வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேலே வைத்தார்.

"இதுக்கு இன்னைக்கே பதில் போடணும் சேர்."

"நான் சரின்னு சொன்னேனா மிஸ்?"

"இல்ல சேர். வேணாம்னும் சொல்லலயே."

"அவனுக்கு வெளங்கும்தானே. நான் எழும்பிட்டேன்தானே."

"நம்ம ஆளுக்கு வெளங்கும் சேர். அவங்க ஊருல வியாபாரி பேசாம இருந்தா சரின்னு எடுத்துக்குவாங்க. சட்டமே அப்பிடித்தான்."

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "பேசாம நிக்கிறவன் வாயில சரின்னு வைக்கிற சட்டமா?" என்றார். பிறகு சிரித்தார். "பலமு மிஸ், பலமு."

பதிலை நானே எழுதினேன். வளவளவென்று எழுதக்கூடாது, விளக்கம் கூடினால் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் கடிதத்தின் தேதி, அதன் பொருள். அதில் உள்ள நிபந்தனைகளுக்கு நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு வரி. வராந்தாவில் எந்த உடன்பாடும் ஏற்படவில்லை என்று ஒரு வரி. பழைய நிபந்தனைகளில் தொடர்ந்து விற்கத் தயார் என்று ஒரு வரி. மன்னிப்போ, 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லோ வரக்கூடாது. தொரையின் மேசையில் வலது பக்கம் வைத்தேன். மறுநாள் இடது பக்கம் கிடந்தது. எடுத்து வலது பக்கம் வைத்தேன். மறுநாளும் இடது பக்கம். அவர் எனக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாக விளங்கியது. நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்.

பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பார்த்தேன். உண்மையில் நடக்கிற விவகாரங்களுக்கு ஆலோசனை சொல்லமாட்டோம் என்றார்கள். கற்பனைக் கேள்வியாக மாற்றி, அதிகாரம் இல்லாத ஊழியர் ஒருவர் மறுப்பு அனுப்பினால் அது செல்லுமா என்று கேட்டேன். மிக நல்ல கேள்வி, இரு பக்கமும் வாதம் உண்டு, உங்கள் ஆய்வுக் கட்டுரைக்குப் பயன்படுத்தலாமே என்று பதில் வந்தது. அன்று அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இந்த விஷயத்தைப் புரிந்த மனிதர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களுக்கு அது கட்டுரை. இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அது சோறு. அவர்களில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

நாள் தள்ளத் தள்ளத் தாமதம் என்று ஆகிவிடும். நான் என் பெயரில், நிறுவனத்தின் சார்பில் என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை நானே போய்ச் சொன்னேன். அச்செடுத்ததைக் கொடுத்தேன். நின்றுகொண்டு வாசித்தார்.

"யாரு அனுப்பச் சொன்னது?"

அப்போதுதான் கவனித்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை எடுத்துவிட்டேன்.

"யாரும் சொல்லல சேர். நான்தான் அனுப்புனேன்."

கண்ணாடியைத் தாளின் மேல் வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டார். பலமு என்றுகூடச் சொல்லவில்லை. வேலையை விட்டு நீக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடம் நேராக எதையும் கொடுக்கவில்லை. தாள்கள் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிளாக்கர் வழியாக வந்தன, பெரிய கிளாக்கர் வழியாகப் போயின. அவர் ஓய்வுபெற்றுப் போகும் வரைக்கும் அப்படித்தான்.

ஜெர்மனியிலிருந்து ஒரு வரி வந்தது. குறித்துக்கொண்டோம் என்று. அடுத்த ஓடர் சிறியதாக வந்தது. அதற்கு அடுத்தது வரவே இல்லை. ஸ்டோரில் வாரத்துக்குச் சில நாள் மட்டும் வேலை என்றார்கள். கதை லயத்துக்குப் போக நேரமாகவில்லை. ஆபீசில் இருக்கிற நம்ம புள்ள சட்டம் பேசி வெள்ளைக்காரனை விரட்டிவிட்டாள் என்று. பைப்படியில் ஒரு பெண் என் காதுபடவே சொன்னாள்: "படிச்சவளுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நமக்குத்தான் ரோலர் நிக்குது."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் எழுந்து வெளியே போய்விடுவார். அண்ணி டீ வைத்துக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. நாங்கள் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அதனால் சப்பாத்து செய்கிற இடம் எங்கே இருந்தாலும் எழுதினேன். இத்தாலி, ஜப்பான், போர்த்துக்கல். மாதிரித் துண்டுகள் அனுப்பினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. மெதுவாக ஒருவர், பிறகு இன்னொருவர் வாங்கினார்கள். வருடம் திரும்புவதற்குள் ரோலர் முழு வாரமும் ஓடத் தொடங்கியது. அதை யாரும் என்னோடு சேர்த்துப் பேசவில்லை. பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது மடத்தனம்.

அந்த மறுப்பு தேவைப்பட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அனுப்பாமல் இருந்திருந்தால் அவர்கள் தொடர்ந்து வாங்கியிருக்கவும் கூடும். ஐந்து வருடமும் நல்லபடி போயிருக்கவும் கூடும். இல்லை, ஸ்டோரைப் பூட்டவும் வைத்திருக்கலாம். வழக்கு நடக்கவில்லை, தீர்ப்பு இல்லை. அதிகாரமில்லாத என் கையெழுத்து செல்லுமா என்பதும் தெரியாது. ஆய்வுக் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். நல்ல புள்ளி கொடுத்தார்கள்.

பட்டமளிப்புக்குப் போகவில்லை. பட்டம் அட்டைக் குழாயில் சுருட்டித் தபாலில் வந்தது. தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே காலண்டரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

அந்த ஞாயிறு லயத்துக்கு இறங்கினேன். பட்டத்தைக் கொண்டுபோகவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து குடைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை எழுந்து போகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி டீ கொடுத்துவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டார். ஸ்டோரில் வேலை எப்படி என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சீக்கிரம் வரும்.

"நான் அனுப்புனது தப்புன்னா தப்புன்னு சொல்லுங்கண்ணே. ஒன்னுஞ் சொல்லாம இருந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

கம்பியை முறுக்கி முடித்தார். குடையை விரித்து, மடக்கிப் பார்த்தார்.

"நீ எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். "ஸ்டோருல நிக்கிறது நாங்க. அந்தக் காகிதத்துல என்னா இருக்குன்னு நீ வந்து சொல்லிருக்கலாம். தொரையும் கேக்கல, நீயும் கேக்கல. நாங்க பேசாம இருந்தோம்தானே. அத நீ சரின்னு எடுத்துக்கிட்ட."

வாதாட எனக்குத் தெரியும், அதற்குத்தான் பட்டம் வாங்கியிருந்தேன். ஈமெயில், தாமதம், நாள் தள்ளியது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன, விழுங்கினேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"கேட்டிருந்தா என்னா சொல்லிருப்பீங்க? அனுப்புன்னா, வேணாம்னா?"

அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. நானும் அதை எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்துவிட்டு, மழை வருவதற்குள் குவாட்டர்சுக்கு ஏறி வந்தேன்.